பிடித்தம்

காலை ஒன்பதே காலுக்கு
நாற்காலி இல்லாத அறையில் வட்டமாக நிற்கிறோம்.
உட்கார்ந்தால் உற்சாகம் இறங்கிவிடுமாம்,
லாக்லன் சொல்கிறான்.
நேற்று ஐந்து கையெழுத்து வாங்கிய ஷோனா
பித்தளை மணியை அடிக்கிறாள்.
கை தட்டுகிறோம்.
நான் நேற்று வாங்கியது
ஒரு கோப்பைத் தேநீர், ஒரு நாய்க்கடி.
கடி என்பது சற்று மிகை.
கால்சட்டையோடு விட்டுவிட்டது.

சம்பளம் என்ற சொல்லுக்கு இங்கே புழக்கமில்லை.
"உனக்கு நீயே முதலாளி, ரோனா."
முதலாளியின் பஸ் கட்டணம் முதலாளியே.
முதலாளிக்குக் காய்ச்சல் என்றால்
அன்றைக்கு உலையில்லை.

டண்டீயில் நவம்பர்.
நாலு மணிக்கே விளக்குகள்.
டே ஆற்றிலிருந்து ஏறிவரும் மூடுபனி
கழுத்தில் தொங்கும் அட்டையில்
என் சிரிப்பை நனைக்கிறது.
ஹில்டவுன் மேட்டில் நாற்பது கதவு.
முப்பத்தொன்றில் ஆளில்லை.
ஆறில், நான் தட்டியதும்
தொலைக்காட்சி ஊமையானது.
இரண்டு "இன்னொரு நாள் பார்க்கலாம்".

நாற்பதாவது திருமதி பெட்ரி.
முழங்கை வரை மாவு.
நோயுற்ற குழந்தைகளின் இல்லம் என்று தொடங்கி
மூன்றாவது வாக்கியத்துக்கு வந்தேன்
(அங்கே குரலைத் தாழ்த்த வேண்டும்).
அவர் குறுக்கிட்டார்:
"மாதம் எட்டு பவுண்டு தருகிறேன்.
பிள்ளைகளுக்கு அதில் எவ்வளவு போகும்?"

அதற்கும் பதில் உண்டு. பக்கம் பதினொன்று.
கேள்வியைப் பாராட்டு. புன்னகை செய். படத்தைக் காட்டு.
பலூன் பிடித்த சிறுவன்.

நான் படத்தை எடுக்கவில்லை.
ஏனென்று தெரியாது.
வலது காலுறைக்குள் தண்ணீர் புகுந்திருந்தது,
அதுவாகவும் இருக்கலாம்.
"முதல் வருடம் முழுக்க எங்கள் கம்பெனிக்கு."
"உனக்கு?"
"இருபத்தெட்டு பவுண்டு.
மூன்று மாதத்துக்குள் நீங்கள் நிறுத்திவிட்டால்
அதுவும் திரும்பப் போய்விடும்."

போன வாரம் மூன்று பேர்
என்னை ரொம்பப் பிடித்துப்போய்க் கையெழுத்திட்டு
மறுநாளே வங்கிக்குப் போன் செய்தார்கள்.
பிடித்ததெல்லாம் பிடித்தமாயிற்று.

திருமதி பெட்ரி உள்ளே போனார்.
கதவைச் சாத்தவில்லை.
குளிர் அவர் வீட்டுக்குள் போவதைப்
பார்த்துக்கொண்டு நின்றேன்.
நாட்காட்டியோடு வந்தார்.
புதுவருட நாட்காட்டி, இன்னும் சுருள் பிரியாதது.
மாவு விரலால் வாரங்களை எண்ணி,
பிப்ரவரி கடைசி வெள்ளியில்
பென்சிலால் ஒரு வட்டம்.
"அன்றைக்கு நிறுத்துவேன். போதுமா?"

திரையில் அவர் போட்ட கையெழுத்தின் மேல்
வெள்ளையாக ஒரு ரேகை.
படியிறங்கும்போது கணக்குப் பார்த்தேன்:
பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை.
அவருக்கு நாலு மாத நஷ்டம்.
கைப்பிடிச் சுவரில் திரையைத் துடைக்கப் போய்
துடைக்காமல் பைக்குள் வைத்தேன்.

மறுநாள் வட்டத்தில் லாக்லன் கேட்டான்:
"அந்த மழையில் அந்தக் கிழவியை எப்படி மடக்கினாய்?
எல்லோருக்கும் சொல்லு."
பதினாலு முகமும் என் வாயைப் பார்த்தன.
புதிதாகச் சேர்ந்த பையன்
பேனாவைத் திறந்தான்.

"பக்கம் பதினொன்று" என்றேன்.