குதிரைமொழித் தேரி, புல எண் 214

நேற்று நட்ட கல்
இன்று ரோட்டோரம் கிடக்கிறது,
சூப்பிப் போட்ட பனங்கொட்டையாய்.

செம்மணலில் வால் இழுத்த தடம்
கொல்லாமரத்தில் தொடங்கி,
கருகிய மூன்று வடலிகளைச் சுற்றி,
அதே மரத்தில் முடிகிறது.
"நம்ம அளவவிட இது சுத்தம் சார்,"
சங்கிலியைச் சுருட்டுகிறான் சுயம்பு.

தண்ணீர் தேடி அது எங்கும் போவதில்லை.
விடியுமுன் உடைமுள்ளில் நிற்கும் பனியை நக்கும்.
இணையே வந்தாலும்
தடத்துக்கு வெளியே மூன்று இரவு நிற்கவேண்டும்.
தாண்டிய கிடாயின் கொம்பு மட்டும் கிடந்தது,
தீய்ந்த வாடையோடு.

ஆடிக்காற்றில் தேரி நகரும்.
மணல் போகிற பக்கம் எல்லையும் போகும்.
போன வருசம் தார்ரோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றது;
இப்போது என் ஜீப் நிற்பது
உள்ளே.

அடங்கலில்
அனுபவதாரர் பெயர் எழுதும் கட்டம்.
பேனாவைத் திறக்கிறேன்.
காலுக்கடியில் மூச்சிழுக்கும் சத்தம்,
கருப்பட்டி காய்ச்சும் அடுப்புபோல.

சுயம்பு எப்போதோ ஜீப்பில் ஏறிவிட்டான்.