மூலையில் ஒரு செருப்பு

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
கீழக்கரையின் எல்லா வாசலிலும் நிற்பேன்.
மீட்டர் கணக்கெடுப்பவன்.
எண்ணை அட்டையில் குறித்து
பேனாவை மூடி
பையிலிருந்து கேமராவை எடுப்பேன்.
இன்னும் ஒன்பது தவணை பாக்கி.

வெளிச்சத்தை எனக்கு யூனிட்டில் தெரியும்.
கடல் பக்கமிருந்து வருவதற்கு
யாரும் அட்டை போடவில்லை.
ஏழரைக்கு அது சங்குக்காரத் தெருவில்
இடதுசுவரை ஒட்டியே நடக்கும்.
எட்டேகாலுக்குச் சாக்கடை தாண்டும்.
ஒன்பதுக்கு மேல்
எல்லார் முகத்திலும் ஒரே அறை.

அந்தத் தெருமுனையில்
கண் ஆஸ்பத்திரி விளம்பரம், பழசு.
ஒரு கண்தான் மிச்சம்.
மற்றதை இடித்துக் கதவு வைத்துவிட்டார்கள்.
அந்தக் கண்ணுக்குக் கீழே
யாராவது வரவேண்டும் என்று
பதினோரு நாள் நின்றேன்.
ஆடு வந்தது.
பிறகும் ஆடு வந்தது.

பன்னிரண்டாம் நாள் முத்துராக்கு வந்தாள்.
எட்டுக் குடத்துக்கு எட்டு ஓட்டை போட்ட
தண்ணீர் வண்டி.
ஏழில் குடம்.
எட்டாவது ஓட்டையில்
இடுப்புவரை இறங்கி நின்றுகொண்டு
அவள் மகன்.
அண்ணாந்து
சுவர்க்கண்ணைப் பார்த்தான்.

அமுக்கினேன்.

அன்றிரவு நான் தூங்கவில்லை என்றால்
நம்புவீர்கள்.

படத்தைப் பெரிதாக்கி
சீனி நைனாவின் ஐஸ் கடைக்கு எடுத்துப்போனேன்.
ஈரக்கையைக் கைலியில் துடைத்துவிட்டு வாங்கினார்.
பிள்ளையைப் பார்க்கவில்லை.
கண்ணையும் பார்க்கவில்லை.
"இந்தச் செருப்பு என்னுதுல்ல?"

இடதுமூலை.
படத்தின் விளிம்பு கணுக்காலோடு வெட்டிய
யாருடையதோ ஒரு கால்.
ஊதா வார்.
வாரில் செப்புக்கம்பித் தையல்.
"நான் தைச்சது. ஜும்மாவுக்குப் போனப்ப விட்டது."

கடை கூடிவிட்டது.
சந்தியாகு காலா? அவனுக்குச் சுண்டுவிரல் வளைந்திருக்கும்.
லோடு ஏத்துறவன் கால் இல்லை, குதிகாலைப் பாரு.
கயிறு அறுத்த தழும்பு, கடலுக்குப் போறவன்தான்.
ஐஸ் உருகிக் கல்லில் ஓடியது.
அரை மணி நேரம்
ஒரு கணுக்காலை வாசித்தார்கள்.
என் படத்தை யாரும் இதுவரை
அப்படி வாசித்ததில்லை.
போட்டிக்கு அனுப்பிய பிரதியில்
அழுக்கு என்று அந்தக் காலைத்தான்
வெட்டியெறிந்திருந்தேன்.

முத்துராக்கிடம் ஒரு பிரதி கொடுத்தேன்.
நிலைப்படியில் சாய்த்துவைத்து
எட்டநின்று பார்த்தாள்.
"நல்லாத்தான் இருக்கு.
ஆனா குடமெல்லாம் காலி மாதிரி இருக்கே.
நெறச்சுல்ல கொண்டாந்தேன்."

கொஞ்சம் கழித்து,
"கேட்டுட்டு எடுத்திருக்கலாம்."

கேட்டிருந்தால்
முந்தானையை இழுத்துவிட்டிருப்பாள்.
பையனைத் தூக்கி இடுப்பில் வைத்திருப்பாள்.
எட்டாவது ஓட்டை
வெறும் ஓட்டை.
இதை அவளிடம் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் அது பதிலாகியிருக்குமா
என்றும் தெரியவில்லை.

அடுத்த முறை போனபோது குனிந்தேன்.
நிறைகுடம் ஏற்றிய வண்டி
லாரி நிற்கும் மேட்டிலிருந்து இறங்கும்போது
மணலில் சக்கரம் எவ்வளவு புதைகிறது,
மணிக்கட்டில் எந்த நரம்பு முதலில் எழுகிறது,
மூடியில்லாத குடம் எந்தக் கல்லில் தளும்புகிறது,
நின்று பார்த்தேன்.
அன்று எடுக்கவில்லை.
கை கேமராவுக்குப் போய்ப் போய் வந்தது.

ஐஸ் கடைக்கு மீட்டர் பார்க்கப் போனால்
சீனி நைனா காலில்
ஊதாச் செருப்பு.

யாரிடம் இருந்தது, காக்கா?

கல்லாவை மூடினார்.
"உன் படத்துல கணுக்கால் வரைக்கும்தானே இருந்துச்சு?"

ஆமாம்.

"அவ்வளவு போதும்.
யூனிட்டு எவ்வளவு ஓடியிருக்கு, அதச் சொல்லு."