இடப்பக்கம், இறக்கைக்குப் பின்னால்

சீனக்குடாவில் அவ்ரோ ஒன்றுக்குப் பெயின்ற் அடிக்க
ஆள் தேடினார்கள்.
கொட்பேயில் ட்ரோலருக்கு அடிக்கிற கைதானே,
பறக்கிறதென்ன, மிதக்கிறதென்ன,
சதுர அடிக்குக் காசு என்று போனேன்.

பறக்கிறதுமில்லை அது.
சில்லைக் கழற்றிச் சீமெந்துக் கட்டையில் நிறுத்தியிருந்தார்கள்.
இடது எஞ்சினுக்குள் மைனாக் குடும்பம்.
கச்சான் காற்று கொண்டுவந்து அப்பிய செம்புழுதி
மூக்கில்.

சார்ஜன்ற் எக்கநாயக்கவிடம் ஒரு சிவப்பு மட்டைக் கொப்பி.
விமானத்தின் சாதகம் அது.
பிறந்த தேதி, வாங்கிய விலை, எஞ்சின் மாற்றிய நாள்,
எந்த மந்திரி, எத்தனை மூட்டை அரிசி.
"ஒவ்வொரு தோலா உரி பாஸ், அவசரம் வேணாம்,"
பாதியைத் தமிழில் சொன்னார்,
மீதியைக் கையால்.

நூற்றியிருபதாம் நம்பர்த் தாள், தண்ணீர், தாள், தண்ணீர்.
மேலே பச்சை.
அதற்குக் கீழே இன்னொரு பச்சை, கொஞ்சம் கோபமானது.
பிறகு சாம்பல்.
சாம்பலுக்குள்ளிருந்து நிஸ்தாரின் கை
ஒரு நீலக் கோட்டை எடுத்தது,
ஜன்னல்களுக்கு அடியால் வால்வரை ஓடுகிற கோடு.
மாலைதீவுக்குக் கலியாணச் சோடிகளை ஏற்றிய காலமாம்.
பிள்ளை பாஸான தகப்பனைப்போல
எக்கநாயக்க கொப்பியில் சரி போட்டார்.
கடைசியில் அலுமினியம்,
குளித்துவிட்டு வந்த மாதிரி.

தொண்ணூறுக்கு மட்டும் எட்டுப் பக்கம் இல்லை.
கிழித்த பல் தையலில் ஒட்டி நின்றது.
காட்சிக்கு வேண்டியதோ அந்த வருசத்து நிறம்.
கிடைத்த படமெல்லாம்
ஓடுபாதையில் நின்று எடுத்தது.
"வயிறு? வயிறு என்ன கலர்?"
அடித்தகடு முழுக்கப் பிறகு மாற்றியது,
சுரண்டினாலும் ஒன்றும் வராது.

பின்கதவடியை நான் ஏற்கனவே கண்டிருந்தேன்.
கதவில்லாத பிணைச்சல்.
தரையில் இரண்டு நீளத் தேய்மானம்.
ட்ரோலர்த் தளத்தில் டீசல் பீப்பா உருட்டினாலும்
இப்படித்தான் தேயும்.
நிஸ்தார் பார்த்தான். நான் பார்த்தேன்.
பிளேன்ரீ வந்தது, குடித்தோம்.

நாங்கள் அதை அவ்ரோ என்று சொன்னதில்லை.
சகடை என்றோம்.
தொண்ணூறில் நான் யாழ்ப்பாணத்தில், எட்டாம் வகுப்பு.
முதலில் சத்தம் வரும், கனநேரம் கழித்துத்தான் அது வரும்.
பங்கருக்குள் இறங்கி,
மேலே அடுக்கிய பனங்குற்றி இடுக்கால்
எண்ணிக்கொண்டே பார்க்கலாம்.
வயிற்றிலிருந்து ஓர் உருளை கழன்று விழும்.
ஒருநாள் ஏழு எண்ணுவதற்குள்
அன்னமலர் ரீச்சரின் வளவு.

"வெள்ளை சேர்," என்றேன். "ஊத்தை வெள்ளை.
இடப்பக்கம், இறக்கைக்குப் பின்னால்,
எண்ணெய் கசிந்த கறை ஒன்று. மாம்பழ வடிவம்."

"படம் பாத்ததா?"
"இல்லை சேர்."
"அப்ப எப்படி?"
"கீழ இருந்தனான்."

மைனா எஞ்சினுக்குள் போய் வந்தது.
எண்ணெய்க் குதங்களுக்கு அங்கால்
குடாத் தண்ணீர் தகரம்போலக் கிடந்தது.
அவர் கொப்பியைத் திறந்தார், மூடினார்,
பேனை மூடியைத் தேடினார்,
அது பேனையிலேயே இருந்தது.
பிறகு எழுதினார். எனக்குச் சிங்களம் வாசிக்க வரும்.
வயிறு: வெள்ளை.
ஆதாரம்: பெயின்ற் பாஸ்.

அடுத்த நாள் சில்லுப் பலகையில் மல்லாந்து படுத்து
அதற்கடியில் உருண்டுபோனேன்.
முகத்துக்கு இரண்டடி மேலே வயிறு.
ஊத்தை வரும்வரை வெள்ளையில் கறுப்புக் கலந்தேன்.
கறையையும் போடச் சொல்லியிருந்தார்.
துணியால் ஒற்றினேன்,
மூன்று தரம் அழித்தேன்,
வடிவம் வரவில்லை.

நிஸ்தார் குனிந்து கேட்டான்,
"காம்பு எந்தப் பக்கம் அண்ணன்?"

எண்ணினால்தான் எனக்கு ஞாபகம் வரும்.
ஒன்று. இரண்டு.
பெயின்ற் ஒரு துளி கன்னத்தில் விழுந்தது.
மூன்று. நாலு.
ஏழில் தெரிந்தது காம்பு.
வால் பக்கம்.