ஆறும்போது

கோலாலம்பூர் ஜி.எச்., நான்காம் மாடி.
விடிகாலை மூன்று பத்து.
எஃகு நாற்காலிக்கும்
அதன் முதுகில் தொங்கும் என் துப்பட்டாவுக்கும்
ஏர்கான் கொடுத்தது ஒரே குளிர்தான்.
ஆனாலும் எஃகு கடிக்கிறது,
துணி சும்மா இருக்கிறது.

"கை பொய் சொல்லும்" என்பான் நவநீதன்.
"உன் சூட்டை எது வேகமாய்ப் பிடுங்குகிறதோ
அதைக் குளிர் என்கிறாய், அவ்வளவுதான்."
செதாப்பாக் அடுக்குமாடிகளுக்கு
ஜன்னல் சட்டம் மாட்டுகிறவன்.
அலுமினியத்தை நம்பாதே என்பான்,
சீக்கிரம் சுடும், சீக்கிரம் மறக்கும்.

இன்று ஐந்தாம் நாள். டிங்கி.
நெற்றியில் போட்ட ஈரத்துண்டு
அறுபது எண்ணுவதற்குள் வெதுவெதுக்கிறது.
அலசினால் பேசின் தண்ணீர் வெதுவெதுக்கிறது.
கொட்டினால்
குழாய்வழி இறங்கிப் போகிறது அவன் காய்ச்சல்.
கோம்பாக் ஆற்றில்
ஒரு மயிரிழை சூடு ஏறியிருக்கும் இந்நேரம்,
மீன் கண்டுகொள்ளாது.

மாலையில் வாங்கிய மைலோ
பிளாஸ்டிக் பையில், ரப்பர் வளையத்தோடு,
கட்டில் கம்பியில் தொங்கியபடியே
அறைக்காற்றுக்குச் சமமாகிவிட்டது.

நாலு மணிக்குக் கருவி சொன்னது:
முப்பத்தேழு புள்ளி நாலு.
ராத்திரி முப்பத்தொன்பது புள்ளி ஆறு.
அவன் தங்கை சுகுணாவுக்குச் சொன்னேன்.
"ஆறிடுச்சா அண்ணி!" என்று
போனிலேயே அழுதுவிட்டாள்.
ஆறுதல் என்கிற சொல்லே
ஆறுவதிலிருந்து வந்ததுதானே நமக்கு.

மிஸ்ஸி நோர்ஹயாத்தி சிரிக்கவில்லை.
டிங்கியில் காய்ச்சல் இறங்கும்போதுதான்
கண்கொத்திப் பாம்பாய் இருக்கணுமாம்.
மலாயில் மெதுவாய்ச் சொன்னாள்.
ரத்தம் எடுத்தாள், ஆறு மணிக்குத் தெரியுமாம்.
போகும்போது போர்வையை விலக்கி
அவன் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள்,
ஒன்றும் சொல்லாமல் மூடினாள்.

நானும் தொட்டேன்.
சில்லென்றிருந்தது.
ஏர்கானா? அவனா?
கையை நம்பாதே என்றவனின் கால்
என் கையில் இருக்கிறது.

இரண்டு உள்ளங்கைக்குள்ளும் பொத்திக்கொண்டேன்.
மேட்டிலிருந்து பள்ளத்துக்கு என்பதைத் தவிர
சூட்டுக்கு வேறு வழி தெரியாது.
கொடுக்க என்னிடம் இருப்பதும் முப்பத்தேழுதான்.

ஜன்னலுக்கு வெளியே
லாரி ஒன்று பின்வாங்கும் சத்தம்.
விரல்நுனி முதலில் குளிர்ந்தது,
பிறகு உள்ளங்கை.
குளிரட்டும்.
இங்கே குறைவது
அங்கே போய்ச் சேர்கிறது என்று அர்த்தம்.
அப்படித்தான் இருக்கவேண்டும்.
மணி நாலு ஐம்பது.