வாய்வழி எதுவும் வேண்டாம்

கேவித் தீவிலிருந்து படகில் வந்தாள்
எர்சிரா நாவெல்கின்.
பாதி மில்காவ் தின்றிருக்கும்போது வலி கண்டதாம்.
மீதிப் பாதியைத் துணியில் சுற்றி
மடியில் வைத்துக்கொண்டே ஏறியிருக்கிறாள்.
ஒன்றரை மணிநேரக் கடல், கூடவே மழை.
"தின்றதில் முக்கால்வாசி மீனுக்குப் போட்டேன்" என்று சிரித்தாள்.
அடுத்த வலி வந்து
சிரிப்பைப் பிடுங்கிக்கொண்டு போனது.

படிவத்தில் ஒரு கட்டம்:
கடைசியாக உண்டது என்ன, எப்போது?
எழுதினேன்:
உருளைக்கிழங்கு, பன்றிக்கொழுப்பு, மாலை ஆறு.

சுவரில் ஒட்டியிருக்கிறது காகிதம்,
வாய்வழி எதுவும் வேண்டாம்.
ஓரம் மஞ்சளாகிவிட்டது.
கிழித்துப் போடலாம் என்று பல இரவு கை போயிருக்கிறது.
கிழிக்கவில்லை.
இங்கு சேர்ந்த முதல் வருடம்
அவசரமாக மயக்கம் கொடுத்த ஒருத்திக்கு
வயிற்றில் இருந்தது மூச்சுக்குழலுக்குள் ஏறியதை
ஒரே ஒருமுறை பார்த்தேன்.
அந்த உதடுகளின் நீலம்
இந்தத் தீவின் எந்தக் கடலிலும் இல்லை.

மூன்று மணி.
எர்சிராவுக்கு வலி இருந்தது, தெம்பு இல்லை.
வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி
காசு சேர்க்கலாம்,
பிள்ளை பெற முடியாது போலிருக்கிறது.
"உல்போ" என்றாள். "ஒரு வாய் உல்போ."
வறுத்த கோதுமை மாவு, தண்ணீர், சர்க்கரை.
வேறொன்றும் கேட்கவில்லை.

மயக்க மருத்துவர் பாரியென்தோஸை எழுப்பப்போனால்
அவர் விழித்துத்தான் இருந்தார்.
தொலைபேசிக்குள் மெல்லும் சத்தம்.
"தண்ணீர் கொடுங்கள். சின்ன மிடறாக."
"உல்போ?"
மெல்வது நின்றது.
"மேலே தெளிந்த நீர் மட்டும்."
மறுபடி மெல்லத் தொடங்கினார்.

மாவைக் கரைத்து, அடியில் தங்கவிட்டு,
மேல்நீரைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்தேன்.
அதிகம் கொடுத்தால் அப்படியே கிடக்கும், தெரியும்.
பிள்ளை வரும் நாளில்
இரைப்பை கடையடைத்துவிடுகிறது.
சரக்கு வாசலில் காத்திருக்க வேண்டியதுதான்.

அப்புறம்
எல்லோருக்கும் வருகிற நிமிடம்.
"வந்துவிடும் போலிருக்கிறது."
"பிள்ளையா?"
"இல்லை. அது."
தொடைகளை இறுக்கினாள். முகம் சிவந்தது.
கணவன் பெலார்மினோ அங்கேதான் நின்றிருந்தான்.
விடு, என்றேன்.
எனக்குத் தெரிந்த ஒரே மந்திரம் அதுதான்.
தலை இறங்கும் வழியும் குடல் இறங்கும் வழியும்
ஒரே மெல்லிய சுவரைப் பங்குபோடும் அண்டை வீடுகள்.
ஒரு வீட்டில் கல்யாணம் என்றால்
மற்ற வீட்டைக் காலி செய்யாமல் முடியாது.

விட்டாள்.
முந்தாநாள் தின்ற பட்டாணி வந்தது முதலில்.
ஒரு துணியில் எடுத்தேன், மடித்தேன், போட்டேன்.
பெலார்மினோ சன்னலைப் பார்த்து
"மழை விடவே இல்லை" என்றான்.
அவனை எனக்குப் பிடித்துப்போனது.

நாலு ஐம்பதுக்குப் பெண் குழந்தை.
ஒரு பாட்டம் அழுது ஓய்ந்தது.
அந்த அமைதியில்
அறை முழுவதும் கேட்க உறுமியது
எர்சிராவின் வயிறு.
கடை திறந்துவிட்டது.

துணி முடிச்சைப் பெலார்மினோ
வெப்பக் குழாய்மேல் வைத்திருந்தான்.
கொழுப்பு இளகி மணந்தது.
குழந்தை மார்பில் கிடக்க
அதன் தலைமேல் துணுக்குகள் உதிர
இரண்டு கையாலும் தின்றாள்.
கிழங்கைக் கடிக்கும்போது
கண்ணை மூடிக்கொண்டாள்.
எனக்கு ஒரு விள்ளல் நீட்டினாள்.
கையுறையைக் கழற்றி வாங்கிக்கொண்டேன்.

எடை பார்க்கக் குழந்தையைத் தூக்கினேன்.
இந்த அறையில்
சுவர்க்காகிதத்துக்குக் கட்டுப்பட்டவள்
இவள் ஒருத்திதான் என்று நினைத்த மாத்திரத்தில்
சட்டைக்கையில் ஏதோ இளஞ்சூடாக.
கறுப்பு. தார் போல ஒட்டும்.
ஒன்பது மாதம்
உள்ளே இருளில் யாருக்கும் தெரியாமல்
இவளும் குடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.