எவ்வளவு குடிக்கும்

தண்ணீராகக் குடிக்கிறது, என்றார் மிலெத்திச்,
பானெட்டை மூடாமலே.
எண்பத்து நான்காம் வருட ரெனோ.
வாரம் மூன்று நாள் சார்மியெந்தோவிலிருந்து கொமொதோரோவுக்கு,
போக நூற்றைம்பது, வர நூற்றைம்பது.
நூறு லிட்டர்.
வேறு வண்டி பாரேன் என்று அவர் சொல்லவில்லை.
என் கோட்டின் நைந்த கைமடிப்பைப் பார்த்திருப்பார்.

முதலில் டயர்.
இருபத்தெட்டு இருக்க வேண்டிய இடத்தில் பத்தொன்பது.
ஏர் ஃபில்டரைத் தட்டினால்
ஒரு கைப்பிடி பதகோனியா.
அப்புறம் திறந்தபடியே செத்துப்போன தெர்மோஸ்டாட்:
எத்தனை குளிர்காலமோ
எஞ்சின் சூடேறாமலே ஓடியிருக்கிறது,
நான் ஹீட்டரைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.
பின்சக்கரத்தைத் தொட்டுப் பார் என்றார்.
தொட்டேன். விரலை வாயில் வைத்துக்கொண்டேன்.
பிடியை விடாத பிரேக்.
ஒரு காலை ஊன்றிக்கொண்டே ஓடியிருக்கிறது, பாவம்.

டிக்கியிலிருந்து இறக்கியவை
கல்லாகிவிட்ட அரை மூட்டை சிமெண்ட்,
கேபிள் சுருள் மூன்று, வளைந்த ஆன்டெனாக்கள்,
யாருடையதென்றே தெரியாத ஒற்றை ஸ்கேட் காலணி.
கூரைமேல் இருந்த ஏணிச் சட்டத்தைப் பற்றி மட்டும்
மிலெத்திச் எதுவும் சொல்லவில்லை.
உள்ளங்கையால் ஒருமுறை தட்டினார், அவ்வளவுதான்.

தம்பி பற்றவைத்த சட்டம்.
எவரிஸ்தோ, ஊரில் பாதிக் கூரை ஏறியவன்.
இப்போது அவன் இடக்கையில்
இரண்டு ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள்.
காதை வைத்தால் உறுமும்.
அந்தக் கையால் எதையும் தூக்கக் கூடாது.
நாளுக்கு எழுநூறு மில்லி, சூப்பும் சேர்த்து.
மாத்தே குடிக்கும் நேரம் வந்தால்
வெறும் குழலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.
எனக்கும் வண்டிக்கும் ஒரே வைத்தியமா, என்றான்.

அவன்தான் சொன்னான், சட்டத்தைக் கழற்று என்று,
வேலியில் சிக்கிய செய்தித்தாளை
எடுத்துப் போடச் சொல்வதுபோல.
நான்கு போல்ட். மூன்று வந்தன.
நான்காவதற்கு எண்ணெய் விட்டோம், சுத்தியால் தட்டினோம்,
அதன் தாயைப் பற்றி இருவரும் பேசினோம்.
ஸ்பேனர் என் கையில், டார்ச் அவன் வலக்கையில்.
கடைசியில் அறுத்தேன்.
கூரையில் நான்கு இடத்தில் பச்சை தெரிந்தது.
இந்த வண்டி பச்சை என்பதே மறந்துபோயிருந்தது.

பிறகு வேகம்.
நூற்றுப்பத்திலிருந்து எண்பதுக்கு.
ஆறு மணிப் படுக்கைக்கு நான்கு மணிக்கே கிளம்ப வேண்டும்.
சாலைக்கு இருபுறமும் எண்ணெய்க் கிணறுகள்
இருட்டில் குனிந்து நிமிர்ந்து, குனிந்து நிமிர்ந்து.
ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டுமாம்.
ஆற்றின் நடுவே நின்று நாங்கள் சொட்டுச் சொட்டாக அளக்கிறோம்.
லாரிகள் ஹார்னடித்துக் கடந்து போகின்றன.

எண்பதில் ஒன்று தெரிந்தது.
சட்டத்தின் விசில் இல்லை, எஞ்சின் கத்தவில்லை,
அவன் பேசுவது கேட்கிறது.
இரண்டு வருடமாகப் பேசிக்கொண்டுதான் வந்தானா?
நான் கேட்கவில்லை.

மேற்குக் காற்று, போகும்போது முதுகில் கைவைத்துத் தள்ளும்.
வரும்போது நெஞ்சில்.
போகையில் லிட்டருக்குப் பதினான்கு கிலோமீட்டர்,
திரும்புகையில் பத்து.
வாரத்துக்கு எழுபத்தேழு லிட்டர் என்று நோட்டில் எழுதினேன்.
பக்கத்துப் பத்தியில், நர்ஸ் சொல்லும் எண்கள்:
படுக்கும்போது 71.9, எழும்போது 69.4.

இரண்டரை கிலோ இறக்கிவைத்துவிட்டுத்தானே வருகிறேன்,
அப்படியும் பத்துதானா,
என்று கேட்டான் வெள்ளிக்கிழமை.
காற்று, என்றேன். ஜன்னலை ஏற்று.
ஏற்றினான். கண்ணாடியில் மூச்சு படிந்தது.

ஏரி தெரியத் தொடங்கும் திருப்பத்தில்
அவனே இறக்கினான், இரண்டு விரல் அளவு.
தண்ணீர் வாசம்.

எழுபதுக்குக் குறைத்தேன்.