ஒன்றரை நொடி

செத்த டர்போவை மேசைமேல் கிடத்தியிருக்கிறோம்.
அச்சைப் பிடித்து அசைத்தால் ஆடுகிறது
விழக் காத்திருக்கும் பால்பல் மாதிரி.
இறக்கைகள் கூட்டின் சுவரைத் தின்று
தாங்களும் தேய்ந்து போயிருக்கின்றன.

வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
பூலிடன் சுரங்கத்தில் இரண்டாம் ஷிப்ட் இறங்கிவிட்டது.
இங்கே ஒரு ஹீட்டர், மூன்று பேர்,
வாயைப் பிளந்து நிற்கும் என் பழைய வால்வோ.

எர்யான் மடிக்கணினியை என் பக்கம் திருப்புகிறான்.
கம்ப்ரெஸரின் வரைபடம்.
ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள்,
ஏரியின் ஆழம் காட்டும் மீன்பிடிப் படம் போல.
இந்தக் கோட்டுக்கு இடப்பக்கம் போனால்
அனுப்பிய காற்றே திரும்பி வந்து முகத்தில் உமிழும்.
அந்தக் கோட்டுக்கு வலப்பக்கம்
மூச்சு முட்டும், வெறும் சூடுதான் மிஞ்சும்.
'நடுத்தீவில் நிற்கணும்' என்கிறான்.
அவன் விரல் என்னவோ
பட்டியலின் ஆகப்பெரிய டர்போவில் நிற்கிறது.

'ஐந்நூறு குதிரை, குன்னெல்.'
'எங்கே ஓட்ட?'
'இருக்கட்டுமே.'

எனக்கும் அது வேண்டும்.
ராத்திரியில் போர்வைக்குள் அதன் படத்தைப்
பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன், யாரிடமும் சொன்னதில்லை.
வெள்ளி நத்தை. என் முகமளவு வாய்.
ஆனால் என் எஞ்சினின் புகை அதற்கு
யானைப் பசிக்குச் சோளப்பொரி.
மிதித்த பிறகு அது விழித்து, சோம்பல் முறித்து,
சுழலத் தொடங்க
ஒன்றரை நொடி.

ஒன்றரை நொடியில் பனியில் என்னென்ன நடக்கும்?
வளைவு முடிந்துவிடும்.
சக்கரம் திரும்பிவிடும், மனசும் திரும்பிவிடும்.
அப்புறம் வந்து சேரும் பலம்
எப்போதோ கேட்ட கடனைக்
கல்யாணம் முடிந்த மறுநாள்
கதவைத் தட்டிக் கொடுப்பதுபோல்
என்னைத் தூக்கிப் பனிமேட்டில் சொருகும்.
எங்கள் ஏரித் தடத்தில் பதினாலு வளைவு.
ஆக நீளமான நேர்பாதையில்
மூன்றாம் கியர் போடவே இடமில்லை.

பெஸ்னிக் இதுவரை பேசவில்லை.
அவன் வெல்டிங் வேலைக்கு வந்தவன்,
வரைபடங்களில் நம்பிக்கையில்லாதவன்.
எண்ணெய்க் குழாயைக் கழற்றி
உதட்டில் வைத்து ஊதினான்.
காற்று போகவில்லை.
மறுபடி ஊதினான். கன்னம் உப்பியது, அவ்வளவுதான்.
முனைத் திருகின் துளைக்குள்
மெல்லிய கம்பியை விட்டு இழுத்தான்.

நீலம்.
பிசின் துணுக்கு ஒன்று, அரிசியளவு.

யாரும் என்னைப் பார்க்கவில்லை.
பார்க்காமல் இருப்பது எப்படியென்று
இந்த ஊருக்குத் தெரியும்.
ஆகஸ்ட் மாசத்துச் சாயங்காலம், கொசுக்கடி,
நீல டியூப், என் கட்டைவிரல்.
கசியக் கூடாதே என்று
ஒரு சுற்று கூடுதலாகத் தடவினேன்.
பாதுகாப்புக்காக.

இரண்டு வாரமாக நாங்கள் அளந்ததெல்லாம்
செத்ததைவிட எது பெரியது என்பதைத்தான்.
எதனால் செத்தது என்று
கேட்கத் தோன்றவில்லை எனக்கு.

எர்யான் வளையங்களை மூடினான். தொண்டையைச் செருமினான்.
'காபி?' என்றான்.

சின்னதையே வாங்கினேன். ஊமியாவிலிருந்து,
பழையது, அச்சில் ஆட்டமில்லாதது.
விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று
சொல்லிக்கொள்ளலாம்.
உண்மை என்னவென்றால் பணமும் அவ்வளவுதான்.
பெரியதின் படம் போனில் இன்னும் இருக்கிறது.

புதுக் குழாய், புதுத் திருகு, செம்பு வளையம்.
பிசின் டியூபை பெஸ்னிக் எங்கோ ஒளித்துவிட்டான்.
மாட்டுவதற்கு முன்
டர்போவின் சின்ன வாய்க்குள்
ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றி
விரலால் சுழற்றிக் கொடுத்தேன்.
பிறகு தீப்பொறி இல்லாமல்
சாவியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு
எண்ணெய் விளக்கைப் பார்க்கிறேன்.

சிவப்பு.
எஞ்சின் வெறுமனே உருள்கிறது.
சிவப்பு.
இந்தக் காத்திருப்பை
எந்த வரைபடத்திலும் எர்யான் காட்டவில்லை.

இன்னும் சிவப்பு.
சாவியை விடவில்லை.